பிறக்காத கம்பெனிக்கு ஒயின்!

கம்பெனி ஆரம்பிக்கிற புண்ணியவானுக்கு 'புரமோட்டர்' என்று பேர். ஆள் சேர்ப்பது, பேர் பிடிப்பது, பதிவு செய்வது எல்லாம் அவர் தலையில்தான். 'லிமிடெட்தானே, நம்ம வீட்டுக்கு ஜப்தி வராது' என்று தெம்பாக இருப்பார். அங்கேதான் இடிக்கிறது!

1866-ல் இங்கிலாந்தில் ஒரு கேஸ். பதிவாகாத ஓட்டல் கம்பெனிக்காக 900 பவுண்டுக்கு ஒயின் வாங்கினார்கள். பிறகு கம்பெனி பதிவானது, ஒயின் காலியானது, பணம் கொடுக்குமுன் கம்பெனியும் நொடித்தது! ஒப்பந்தத்தன்று கம்பெனியே இல்லை, அதனால் கையெழுத்துப் போட்டவர்களே கட்ட வேண்டும் என்றது கோர்ட்.

நம்மூரில் 1963-ம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கம்பெனியின் தேவைக்காகப் போட்ட ஒப்பந்தத்தை, பதிவான பிறகு கம்பெனி ஏற்று, எதிர்த்தரப்புக்கும் தெரிவித்தால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

ஆகவே புரமோட்டர் சார், முதல் போர்டு மீட்டிங்கிலேயே தீர்மானம் போட்டு, கடிதத்தையும் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பில் உங்க வீட்டு வாசலுக்கு வரும்!