பீமன் எரித்த சாம்பல்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆற அமரச் சொல்ல வேண்டிய விஷயம்.

பெரிய வெங்காயத்தை இன்றும் பெல்லாரி என்கிறோமே, அந்த ஊர்ப் பக்கத்துக் கதைதான். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த மாவட்டம்; இப்போது கர்நாடகத்தில் பல்லாரி. நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் வடகிழக்கே போனால் சங்கனகல்லு, குப்கல் என்ற கிராமங்கள் வரும். அவற்றை ஒட்டி, பாறையைப் பாறைமேல் அடுக்கி வைத்ததுபோல மொட்டைக் குன்றுகள். ஒரு குன்றின் பெயர் சன்னராசம்மா, அங்கே கோயில் கொண்ட அம்மனின் பெயர். இன்னொன்று ஹிரேகுட்டா, பெரிய குன்று. இன்று அந்த உச்சிகளில் குடியிருப்பவர் எவரும் இல்லை. ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால், புதிய கற்காலத்தில், அங்கே ஊரே இருந்தது.

எப்படித் தெரியும் என்றுதானே கேட்பீர்கள்? கோட்டையோ கல்வெட்டோ கிடையாது. முதலில் கண்ணில் படுவது கற்சில்லுகள்தான். ஹிரேகுட்டாவின் வெளிர் நிறக் கிரானைட்டைப் பிளந்துகொண்டு டோலரைட் என்ற கரும்பாறை ஒரு நீண்ட கோடாக ஓடுகிறது. கிரானைட்டின் மணிகள் பெரியவை, தட்டினால் உதிரும். டோலரைட்டின் மணிகள் நுண்மையானவை, தட்டிச் செதுக்கித் தேய்த்தால் கூர்மை நிற்கும். கோடரி செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? கல்லைப் பெயர்த்து, சில்லுச் சில்லாகத் தட்டி உருவம் கொண்டுவந்து, பிறகு தண்ணீர் தெளித்துப் பாறையிலேயே தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். தேய்த்துத் தேய்த்துப் பள்ளமான இடங்கள் பாறைகளில் இன்றும் இருக்கின்றன. கழித்துப் போட்ட சில்லுகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குத் தேவையான அளவு அல்ல அது. சுற்று வட்டாரத்துக்கே கோடரி செய்து கொடுத்த பட்டறை.

இதை 1872-ல் முதலில் அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே நிலவியலாளர். பாறை ஆய்வுக்கு வந்தவர் பாறையில் மனிதக் கையையும் பார்க்கப் பழகிக்கொண்டார் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. அவர் சேகரித்த கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது. பல்லாரிக் கற்கள் எழும்பூருக்கு வந்த வழி அது.

பெண்டபூடி சுப்பாராவ் 1940-களின் பிற்பகுதியில் சங்கனகல்லில் அகழ்ந்தார். 1960-களில் நாகராஜ ராவும் அன்சாரியும் தொடர்ந்தார்கள். 1990-களின் கடைசியிலிருந்து ரவி கோரிசெட்டர், நிக்கோல் பாய்வின், டோரியன் ஃபுல்லர் ஆகியோரின் குழு அங்கே வேலை செய்தது. ஃபுல்லர் செய்ததைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரியாகிப்போன விதைகள் மேலே மிதக்கும். அவற்றை வடிகட்டி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் எந்தத் தானியம் என்று சொல்லிவிடலாம். அப்படி வந்தவை கொள்ளு, பாசிப்பயறு, குலைசாமை போன்ற சிறுதானியங்கள். எல்லாம் தீபகற்பத்தின் மானாவாரிப் பயிர்கள். வடக்கிலிருந்து கோதுமையும் பார்லியும் வந்து சேர்வதற்கு முன்பே இங்குள்ளவர்கள் தாங்களாகவே உழவைத் தொடங்கியிருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தவை இந்தக் கரி விதைகள். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை பெய்கிற பூமியில், கொள்ளு விதைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்களைச் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

இனி சாம்பலுக்கு வருவோம். இந்த வட்டாரம் முழுக்க ஆங்காங்கே சாம்பல் மேடுகள் உண்டு. பல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகிற வழியில் குடத்தினிக்குப் பக்கத்தில் உள்ளது பெயர்போனது. கன்னடத்தில் பூதி என்றால் சாம்பல். அந்த இடத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற மேடு. வெட்டிப் பார்த்தால் உள்ளே மென்சாம்பல் ஓர் அடுக்கு, கண்ணாடிபோல உருகி இறுகிய கட்டி ஓர் அடுக்கு என்று மாறி மாறி வரும்.

ஊரார் சொல்வது இது: பீமன் இடும்பாசுரனைக் கொன்று எரித்தான், அந்த உடல் வெந்த சாம்பல்தான் இந்த மேடு. ஹம்பியை அடுத்த நிம்பாபுரத்திலும் இப்படியொரு மேடு இருக்கிறது. அங்கே அது வாலியை எரித்த இடம். சுற்றிலும் கிஷ்கிந்தை என்று நம்பப்படுகிற நிலம், ஆகவே பாரதத்துக்குப் பதில் ராமாயணம். நம் பக்கத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பதில்லையா, அதே வழக்கம்தான்.

இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்கு எத்தனையோ விளக்கங்கள் வந்தன. எரிமலைக் குழம்பு என்றார்கள், இரும்பு உருக்கிய கசடு என்றார்கள், பெரும் பிணச்சிதைகளின் மிச்சம் என்றார்கள். ஊரார் சொன்னதில் அசுரனைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? இது இயற்கை மண் அல்ல. மனிதர் மூட்டிய தீயில் வெந்தது. சாதாரண அடுப்புத் தீயல்ல, மாபெரும் தீ. மூன்றும் சரி. அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவர்களின் கண் அது. அந்தக் கண்ணை நான் நம்புகிறேன்.

எரிந்தது மாட்டுச் சாணம். ஃபுட் அதை அப்போதே சொன்னார். நிறுவியவர் ரேமண்ட் ஆல்சின். 1957-ல் இன்றைய தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டை அவர் அகழ்ந்தபோது, மரக்கம்பங்களை நட்டு அடைத்த பட்டியின் குழித் தடங்கள் வந்தன. சாம்பலில் மாட்டுக் குளம்புகள் பதிந்த தடமும் இருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ஆண்டுக்கணக்கில் பட்டியில் சேர்ந்த சாணத்தைக் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள். மறுபடி பட்டி அடைத்து, மறுபடி எரித்திருக்கிறார்கள். சாணத்தில் இருப்பது மாடு தின்ற புல். புல்லில் சிலிக்கா உண்டு. வெப்பம் மிக அதிகமானால் அது உருகும், ஆறினால் இறுகும். கண்ணாடிக் கட்டியின் ரகசியம் அவ்வளவுதான்.

ஏன் எரித்தார்கள் என்பதில்தான் வாதம். எருவாகப் போட்டிருக்கக்கூடிய சாணத்தை வேண்டுமென்றே கொளுத்தியிருக்கிறார்கள். ஆல்சின் இதை மாட்டோடு சேர்ந்த பண்டிகைகளோடு பொருத்திப் பார்த்தார். பொங்கலும் அவர் நினைவில் இருந்தது. மைசூர்ப் பக்கம் சங்கராந்தி அன்று மாலையில் மாடுகளை நெருப்பைத் தாண்ட விடுகிற வழக்கம் இன்றும் உண்டு. நாலாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சடங்குத் தீ என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்திவருகிறது. தற்செயலாகப் பட்டி தீப்பற்றியிருந்தால் இத்தனை இடங்களில், இத்தனை அடுக்குகளாக, ஒரே மாதிரி இருக்காது.

சன்னராசம்மா குன்றில் ஊரும் சாம்பலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அடியில் சாம்பல் மேடு, அதற்கு மேலே குடியிருப்பு. மாட்டோடு வந்து கூடிய இடம், பிறகு நிலைத்த ஊராகியிருக்கிறது. மாடு அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை ஹிரேகுட்டாவின் கரும்பாறைகள் சொல்கின்றன. திமிலும் நீண்ட கொம்புமாக, கல்லால் கொத்திக் கொத்தி வரைந்த மாடுகள் ஏராளம். சில உருவங்கள் தொற்றிக்கொண்டு ஏறினால்தான் எட்டுகிற இடங்களில் இருக்கின்றன. கூடவே சில பாறைகளில் கிண்ணம்போல வழவழப்பான குழிகள். அங்கே ஒரு கல்லால் தட்டினால் பாறை மணிபோல ஒலிக்கும். கோடரிக்குக் கல் எடுத்த அதே பாறையில் சித்திரமும் இசையும்.

இந்தச் சித்திரங்களை ஹூபர்ட் நாக்ஸ் கண்டு சொல்ல, சென்னை மாகாணக் காவல் அதிகாரி ஃபாசெட் 1892-ல் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு ஆய்வுலகம் கிட்டத்தட்ட மறந்துபோனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாய்வின் மறுபடி தேடிப் போய்ப் பதிவு செய்தபோது, குன்றின் ஒரு பக்கம் கல் குவாரி வேலை நடந்துகொண்டிருந்தது. வெடி வைத்தால் சித்திரம் இருக்கிற பாறை, இல்லாத பாறை என்று பார்க்குமா? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மலைமேல் ஊர் கைவிடப்பட்டது பொ.ஆ.மு. 1200 வாக்கில். மக்கள் சமவெளிக்கு இறங்கினார்கள், இரும்பு வந்தது, இறந்தவர்களுக்குக் குன்றடியில் கல்வட்டங்கள் அமைத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ அரசுகள் வந்து போயும் தப்பித்துக் கிடந்த பாறைகள் நம் தலைமுறையில் ஜல்லியாகிக்கொண்டிருந்தன.

கதை இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் காவல் இருக்கிறது என்பது என் எண்ணம். வாலியின் சாம்பல் என்று சொல்லப்படுகிற மேட்டில் கை வைக்க ஊரார் யோசிப்பார்கள். சேர்வராயன், ஜவ்வாது மலைகளில் புதிய கற்காலக் கோடரிகளைச் சாமியாக நட்டுக் கும்பிடுகிறார்கள். அதனாலேயே அவை தொலையாமல் இருக்கின்றன. தொல்லியல் துறைப் பலகை ஒன்று, அம்மன் பெயர் ஒன்று, இரண்டும் இருந்தால் நல்லது.

பல்லாரியில் இப்போது ஃபுட்டின் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சங்கனகல்லுப் பொருள்களை அங்கே பார்க்கலாம். நேரம் கிடைத்தால் ஹம்பி போகும்போது கோயில்களோடு திரும்பிவிடாமல் நிம்பாபுரத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வழி கேட்கும்போது புதிய கற்காலச் சாம்பல் மேடு என்று கேட்காதீர்கள், வாலியை எரித்த இடம் எது என்று கேளுங்கள். கட்டி எதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.