சொத்தைப் பல்லுக்குப் பரம்பரை மட்டுமா காரணம்?

மூன்று வயதுக் குழந்தையின் முன்பற்கள் கறுத்து அரிக்கத் தொடங்கினால், "எங்க பக்கம் எல்லாருக்குமே பல்லு வீக்" என்ற பேச்சு வீட்டில் எழும். பழியைப் பரம்பரை மேல் போட்டதும் பால் பாட்டிலை யாரும் கவனிப்பதில்லை. வருத்தம் தருவது அதுதான்.

இரட்டையரிடம் தெரிந்தது

பரம்பரைக்குப் பங்கு உண்டு. எனாமலின் உறுதி, உமிழ்நீரின் தன்மை, இனிப்பின் மேலுள்ள ஆசை எல்லாவற்றிலும் மரபணு தலையிடுகிறது. பிரேசிலில் இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அந்தப் பங்கு கணிசமானது என்றது. ஆனால் மெல்பர்னில் இரட்டையரைத் தாய் வயிற்றிலிருந்தே தொடர்ந்து கவனித்து, ஆறு வயதில் பல்லைப் பரிசோதித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மரபணு முழுக்க ஒன்றான இரட்டையரும், பாதியளவே பகிரும் இரட்டையரும் சொத்தை விஷயத்தில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் ஒத்திருந்தார்கள். மரபணுவே பெரிய காரணமென்றால் முதல் வகையினர் கூடுதலாக ஒத்திருக்க வேண்டும்.

ராத்திரிப் பால்

வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். தூக்கத்தில் அது மிகக் குறைவாகவே சுரக்கும். சர்க்கரையோ, இனிப்பான சத்துப் பொடியோ கலந்த பாலை உறிஞ்சியபடியே குழந்தை தூங்கிப்போனால், மேல் முன்பற்கள் மணிக்கணக்கில் அமிலத்தில் கிடக்கின்றன. கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக் காக்கிறது. சொத்தை மேல்வரிசையில் தொடங்குவது அதனால்தான்.

எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். பங்குனி அறுபத்துமூவர் விழாவில் மாட வீதியில் தின்ற பஞ்சுமிட்டாயைவிட, தி.நகர்க் கடைகளில் அழாமலிருக்கவும் வீட்டில் சாப்பிட வைக்கவும் அன்றாடம் கைக்கு வரும் ஜூஸும் கிரீம் பிஸ்கட்டும்தான் பல்லைத் தின்கின்றன. குடும்பத்தில் தலைமுறை தாண்டி வருவதில் இந்தப் பழக்கமும் ஒன்று.

ஆர்.ஓ. தண்ணீர்

குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்கப்படாத இடத்தில் வளர்வதும் சொத்தைக்கான ஆபத்து என மெல்பர்ன் ஆய்வு குறித்தது. அளவு மீறினாலும் கேடுதான்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தென் சென்னையின் நிலைமை வேறு. வீட்டு ஆர்.ஓ. கருவியும் சரி, நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் சரி, ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கிவிடும். ஆகவே பற்பசையில் அது இருந்தாக வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்டுகளில் இருப்பதில்லை. டியூபைப் படித்துப் பார்த்து, சுமார் 1,000 பி.பி.எம். உள்ளதாக வாங்குங்கள். மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு, காலையும் இரவும். தேய்த்துவிட வேண்டியது பெரியவர்கள்.

விழுகிற பல்தானே?

பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. வலியில் சாப்பிடாமல், தூங்காமல் தவிக்கும் குழந்தையிடம் "எப்படியும் விழுந்துடும்" என்பது கொடுமை.

மாதம் ஒரு முறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்த நிலையில் மீட்க முடியும். குழி விழுந்த பிறகும் சில்வர் டயமைன் ஃபுளோரைடைத் தடவி அரிப்பை நிறுத்த வழியுண்டு. அந்த இடம் கறுத்துப்போகும். ஆனால் ஊசியோ துளையிடலோ தேவைப்படாது.

முதல் பரிசோதனை ஒரு வயதுக்குள் நடக்க வேண்டும். தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு.