தோலில் சித்திரம் செதுக்குதல்

தோல் செதுக்கல் என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மரத்தைச் செதுக்கினால் சீவல் விழும், கல்லைச் செதுக்கினால் சில்லு தெறிக்கும். தோல் வேலை முடிந்த மேசையில் கூட்டி அள்ள எதுவும் இராது. கத்தி ஒரு கோட்டைக் கீறுகிறது. கீறலின் ஒரு பக்கத்தை உலோக அச்சு தட்டி அமிழ்த்துகிறது. மறுபக்கம் அப்படியே நிற்பதால் மேடாகத் தெரிகிறது. இதழ் எழும்பி நிற்பதும் இலை மடிந்து கிடப்பதும் இந்த மேடு பள்ளத்தின் வித்தைதான். தோலை உண்மையாகவே வெட்டி எடுக்கும் கலை தோற்பாவைக் கூத்தில் இருக்கிறது. அங்கே பாவையின் நகையும் ஆடைப் பூவும் உளியால் இட்ட துளைகள். அவற்றின் வழியே விளக்கொளி திரையில் விழும். கொழும்பில் தோல் செதுக்கலுக்கு நெருங்கிய உறவு தேடினால், செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளில் தகட்டின்மேல் அச்சுளி வைத்துத் தட்டும் வேலையைச் சொல்லலாம்.

அமிழ்த்திய இடம் மறுபடி எழும்பாமல் நிற்பது கைத்திறனால் மட்டும் நடப்பதல்ல. தோல் பதனிடப்பட்ட விதம் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். விலங்கின் தோல் கொலாஜன் என்னும் புரத நார்களின் பின்னல். பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ச்சாற்றில் அதை ஊறவைக்கும்போது டனின் மூலக்கூறுகள் நார்களுக்கிடையே புகுந்து, அவற்றைப் பற்றிக்கொண்டு இடைவெளிகளையும் நிரப்புகின்றன. இப்படிப் பதனிட்ட பட்டைத்தோல் நனைந்தால் நார்கள் நெகிழ்ந்து நகரும். காய்ந்தால் நகர்ந்த இடத்திலேயே இறுகும். குரோமிய உப்பினால் பதனிட்ட தோல் வேறு குணம் கொண்டது. அதன் பிணைப்பை நீர் நெகிழ்த்துவதில்லை; அழுத்தி எடுத்தால் மெத்தைபோல மீண்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த குரோம் முறை, பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் நடந்த வேலையை மிக விரைவாக முடித்துக் காட்டியது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான். சப்பாத்து, கைப்பை, சோபா உறை என்று கடையில் கையில் அகப்படுவது அநேகமாக அதுவே. அதில் எத்தனை நாள் தட்டினாலும் பூ மலராது. தொடங்குபவர் பலர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டு விட்டுவிடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் பிழையான தோல்தான் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். சாயம் ஏற்றாத பட்டைத்தோல் வெளிறிய மாநிறம். ஒரு துளி நீர் விட்டால் அந்த இடம் உடனே கறுக்கும். ஈரமான அந்த இடத்தில் நகத்தை அழுத்தினால் பிறை போன்ற தடம் நிற்கும். குரோம் தோலை வெட்டி விளிம்பைப் பார்த்தால் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிவது வழக்கம். இன்னொரு குழப்பமும் உண்டு. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் கட்டப்படும் தோல் பதனிடப்படாத பச்சைத் தோல். அது காய்ந்தால் பலகை, நனைந்தால் வழுவழுப்பு. அதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

நல்ல பட்டைத்தோலுக்குக் கொழும்பிலிருந்து வெகுதூரம் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட தோல், ‘ஈ.ஐ.’ என்ற பெயரில் ஒருகாலத்தில் இலண்டன் சந்தைவரை போனது. ஈ.ஐ. என்பது கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம். ஆவாரம்பட்டையின் இடத்தைப் பின்னாளில் வாட்டில் மரப்பட்டை பெருமளவுக்குப் பிடித்துக்கொண்டாலும் பெயர் மாறவில்லை. திண்டுக்கல், திருச்சி வட்டாரங்கள் இதற்குப் பேர்போனவை. சென்னையில் தோல் வியாபாரத்தின் மையம் பெரியமேடு. கல்யாணச் சேலை எடுக்க வெள்ளவத்தையிலிருந்து சென்னைக்குப் பறப்பவர்கள் ஒரு காலை நேரத்தைப் பெரியமேட்டுக்கு ஒதுக்கினால், பெட்டியில் சேலைக்கு அடியில் தோலும் வந்துவிடும். கொழும்பிலேயே மட்டக்குளியில், கொட்டாஞ்சேனைக்கு எட்டிய தூரத்தில், அரசின் தோற்பொருட் கூட்டுத்தாபனம் ஒருகாலத்தில் இயங்கியது. அதன் முதன்மையான வேலை சப்பாத்து.

வாங்கும்போது தடிப்பைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகள் தோலின் தடிப்பை அவுன்ஸில் சொல்லும்; ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். இடுப்புப் பட்டிக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். பயிற்சித் துண்டுக்கும் தேநீர்க் கோப்பை வைக்கும் வட்டத்துக்கும் இரண்டரை முதல் மூன்று போதும். ஆட்டுத்தோல் மிக மெல்லியது. அதில் கத்தியை ஆழ ஓட்ட முடியாது. அதற்குப் பொருந்துவது சாந்திநிகேதன் வழி. இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனுக்கு அருகே 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில், அவர் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் வளர்த்த தோல்வேலை, மெல்லிய ஈ.ஐ. ஆட்டுத்தோலை நனைத்து உருவத்தை அழுத்தி எழுப்பிச் சாயம் தீட்டும் முறை. கத்தி பிடிக்கத் தயங்குபவர் அங்கிருந்து தொடங்கலாம். மாட்டுத்தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகும் தோளும் இறுக்கமானவை. வயிற்றுப் பகுதி மலிவு, ஆனால் இழுபடும். வட்டமாக வெட்டியது முட்டையாகிவிடும்.

கத்தியால் கீறி அச்சால் அமிழ்த்தும் இன்றைய முறை ஸ்பெயினிலிருந்து மெக்சிக்கோ வழியாக அமெரிக்கக் குதிரைச் சேணங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பொழுதுபோக்காக வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் அல் ஸ்டோல்மன் முக்கியமானவர். 1952இல் வெளிவந்த அவருடைய செய்முறை நூலைப் பார்த்துக் கற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அச்சுக்கருவிகளுக்கு ஆங்கிலப் பெயர்களே புழங்குகின்றன. இங்கே அவை செய்யும் வேலையை வைத்துப் பெயர் சொல்லப்படுகிறது.

முதற்கருவி சுழல்கத்தி. விரல் நீளத்தில் தடித்த உருளை. உச்சியில் சுட்டுவிரல் அமர ஒரு வளைவு. அடியில் இருபுறமும் சரித்துத் தீட்டிய சிறிய அலகு. சுட்டுவிரல் மேலிருந்து அமுக்க, பெருவிரலும் நடுவிரலும் உருளையைத் திருப்பும். பேனாவைப் போலச் சாய்த்துப் பிடிப்பது புதியவரின் வழக்கம். அப்படிப் பிடித்தால் கீறல் தோலுக்குள் சரிந்து போய், அச்சு வைக்கும்போது ஓரம் பிய்ந்து எழும். அலகு செங்குத்தாக இறங்க வேண்டும். தோலின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை போகலாம். கை உடம்பை நோக்கி வர, வளைவுகளில் தோலைத் திருப்பிக்கொண்டே வெட்டுவது எளிது. கத்தி மழுங்கிவிட்டது என்பதை யாரும் முதலில் ஒப்புக்கொள்வதில்லை. தோல் சரியில்லை என்றுதான் சொல்வார்கள். முடிவெட்டும் கடைகளில் முன்பு சவரக்கத்தி தீட்டிய வாரைப் போல, பலகையில் ஒட்டிய ஒரு தோல்துண்டில் மெருகுப் பசை பூசி வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலகை இழுத்துத் தீட்ட வேண்டும்.

அச்சுகள் விரல் தடிப்புக்கும் குறைந்த உலோகக் கம்பிகள். அவற்றில் முதலில் வேண்டியது சரிவச்சு. ஆப்புப்போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். மற்றவை இதழின் குழிவுக்கு நிழலச்சு, இலைக்கு நரம்பச்சு, பூவின் நடுவுக்கு விதையச்சு, பூவைச் சுற்றிய வெளியைப் புள்ளியிட்டுத் தாழ்த்தத் தள அச்சு. இந்த ஐந்தும் இருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையே தெரியாது. முப்பது, நாற்பது அச்சுகள் அடங்கிய மலிவுத் தொகுதிகள் இணையத்தில் கண்ணைப் பறிக்கும். அவற்றில் பாதி உறையிலேயே துருப்பிடித்துக் கிடக்கும். நாலங்குல ஆணியின் தலையை அரத்தால் ராவி, குறுக்கும் நெடுக்குமாக வரி போட்டால் அதுவே தள அச்சாகும். நல்ல சுழல்கத்தியை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ ஓர் உறவினர் இல்லாத வெள்ளவத்தை வீடு குறைவு. ஓகஸ்டில் வருபவரின் பெட்டியில் அது இடம் பிடிக்காது.

அடிப்பதற்குத் தச்சரின் கொட்டாப்புளி போன்ற மரச் சுத்தியல் நல்லது. இரும்புச் சுத்தியல் அச்சின் தலையைச் சிதைத்துவிடும். தோலுக்கு அடியில் பாரமான கல் வேண்டும். சமையலறை மேடைக்குக் கிரனைட் வெட்டும் இடங்களில் மீந்த துண்டு போதும். கல் மெலிந்து மேசை அதிர்ந்தால் அடியின் வேகம் தோலில் இறங்காது. ஆகவே கல்லை மேசைக்காலுக்கு நேர்மேலே வைப்பது வழக்கம். தொடர்மாடிகளில் இரவு ஒன்பது மணிக்குமேல் இந்தத் தட்டல் கீழ்வீட்டுக்குக் கூரைமேல் காகம் கொத்துவதுபோலக் கேட்கும். கல்லுக்கு அடியில் தடித்த இறப்பர் விரிப்பு இட்டால் அயலவர் பகை பாதியாகக் குறையும்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஈரம். தோலை இரு பக்கமும் ஸ்பொஞ்சால் நனைத்து, பொலித்தீன் பையில் சுற்றி ஓர் இரவு வைத்தால் நீர் நார்களுக்குள் சமமாகப் பரவும். காலையில் எடுத்து வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும். மேற்பரப்பு ஏறக்குறைய பழைய நிறத்துக்குத் திரும்பியும், கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும் நேரமே பதம். புட்டுக்கு மா குழைப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பிடித்தால் பிடிபடவும் உதிர்த்தால் உதிரவும் வேண்டும் என்கிற அதே கைக்கணக்கு. பதம் சரியாக இருந்தால் அச்சு விழுந்த இடம் தேன் நிறமாகக் கறுத்து விளிம்பு கூர்மையாக நிற்கும். நீர் கூடினால் தடம் சேற்றில் கால் வைத்ததுபோல மெல்ல நிரம்பிவிடும். குறைந்தால் அச்சு மேலோட்டமாகத் துள்ளும். செய்முறை நூல்கள் சொல்லும் காத்திருப்பு நேரம் பெரும்பாலும் வறண்ட ஊர்களுக்கு உரியது. கடற்காற்றில் ஈரப்பதம் எழுபது, எண்பது வீதம் நிற்கும் கொழும்பில் காத்திருப்பு நீளும். வேலை நடுவில் தோல் காய்ந்துபோகும் தொல்லை குறையும். ஆனால் ஈரத்தோலைப் பையிலேயே மூன்று நாள் மறந்தால் பூஞ்சணம் பூத்துவிடும். வேலையை நிறுத்த நேர்ந்தால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது உசிதம். வீட்டில் யாரும் அதை இறைச்சி என்று எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்பணிக்கு ஒற்றை இலை போதும். வெற்றிலையின் உருவம் மிகவும் வசதியானது: ஒரு கூர், இரு வளைவு, நடுநரம்பு. தாளில் வரைந்த படத்தைத் தோலின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் கோட்டின்மேல் அழுத்தினால் தடம் இறங்கும். மை உள்ள பேனா கூடாது. பட்டைத்தோலில் விழுந்த மை போகாது. தோல் இழுபடாமலிருக்கப் பின்பக்கம் அகலமான ஒட்டுநாடா ஒட்டலாம். தடத்தின்மேல் சுழல்கத்தி போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இலைகள் வந்தால், முன்னால் தெரிவதை முதலில் வெட்ட வேண்டும். பிறகு சரிவச்சின் தடித்த பக்கத்தைக் கீறலுக்குள் இருத்தி, இலைக்கு வெளிப்புறம் அமிழுமாறு தட்டவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அச்சு தன் அகலத்தில் பாதிக்குக் குறைவாகவே நகர வேண்டும். அவசரப்பட்டால் இலையைச் சுற்றி மீன் செதில் போல வரிவரியாகத் தடம் விழும். இதைத் திருத்த மெல்லிய அடியோடு மறுபடி ஒருமுறை போய் வரலாம். சரிவு முடிந்தபின் நரம்பு, தளம். பூவேலையில் இதழுக்குள் கீறும் அலங்காரக் கோடுகள் கடைசியில் வரும். கத்திக்கையின் தரம் அவற்றில்தான் வெளிப்படும், பிழைத்தால் மறைக்க வழியில்லை.

கடலோர வீடுகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஈரமான பட்டைத்தோலில் துருப்பிடித்த கருவியோ இரும்புத்தூளோ பட்டால் சில நிமிடங்களில் நீலக்கறுப்பு மறு தோன்றும். முன்னோர் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதும் மை செய்தார்கள். டனினும் இரும்பும் கூடும் அதே இரசாயனம் இது. மறு புதிதாக இருக்கும்போதே தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டு ஒற்றி, பின் நீரால் துடைத்தால் பெரும்பாலும் மறையும். கருவிகளை ஒவ்வொரு நாளும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி, மூடிய டப்பாவில் வைத்தால் தேசிக்காய்க்கு வேலை இராது.

செதுக்கிய தோல் நிழலில் ஒரு முழுநாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விறைத்து வளையும். காய்ந்தபின் மெல்லிய பூச்சாக எண்ணெய். மாட்டுக்கால் எண்ணெய் இதற்கென்றே விற்கப்படுகிறது. வீட்டுத் தேங்காய் எண்ணெயும் இறங்கும். அளவு மிஞ்சினால் தோல் கறுத்துத் தொய்ந்துவிடும். சாயம் பூசுவதானால் எண்ணெய்க்கு முன்பு பூசலாம். பள்ளங்களில் மட்டும் கருநிறம் தங்கும்படி பசைச்சாயத்தைத் தடவித் துடைத்தால் சித்திரம் தூக்கிக் காட்டும். ஓரத்தின் கூர்விளிம்பைச் சீவி, சற்று நனைத்து, வழவழப்பான மரத்துண்டாலோ தடித்த கன்வஸ் துணியாலோ சூடேறத் தேய்த்தால் நார்கள் படிந்து கண்ணாடிபோல மினுங்கும். மேலே மெழுகுப்பூச்சு. மழைக்காலத்தில் அலுமாரிக்குள் அடைத்து வைத்த பட்டைத்தோலில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விடலாம். மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பொலித்தீனில் சுற்றி மட்டும் வைக்கக் கூடாது.