உஷார்! ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டாதீர்கள்!

கர்ப்பிணிகளே, ஒரு நிமிஷம்! குழந்தை நன்றாக உதைக்கிறது, வயிறும் மாதத்துக்கேற்ப வளர்கிறது, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். பிஞ்சு மூளைக்குள் நீர் கோத்தால் தாய்க்கு வலிக்காது. எந்த அறிகுறியும் இருக்காது. ஸ்கேன் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்!

தெரிந்த பெண் ஒருத்திக்கு நடந்தது இது. இருபதாவது வார ஸ்கேனில் மூளையின் நீர் அறை 11 மி.மீ. அகலம். மூன்று வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். "பிள்ளை துடிப்பாத்தானே இருக்கு, சும்மா பயமுறுத்துறாங்க" என்றார்கள் வீட்டில். வளைகாப்பெல்லாம் முடிந்து எட்டாம் மாதம் போனாள். 17 மி.மீ.! பிறந்த சில நாளிலேயே தலையில் ஆபரேஷன். மூளையிலிருந்து வயிற்றுக்கு டியூப். முன்பே போயிருந்தால் வீக்கம் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் தேடவும், எங்கே பிரசவம் என்று முடிவு செய்யவும் அவகாசம் கிடைத்திருக்கும். அதைத்தான் இழந்தார்கள்.

அளவைப் பாருங்கள். 10 மி.மீ.க்குள் இருந்தால் சரி. 12 வரை லேசான வீக்கம். 15 வரை நடுத்தரம். அதைத் தாண்டினால் தீவிரம்.

இவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்:

• அடுத்தடுத்த ஸ்கேனில் அளவு கூடுவது
• முதுகுத்தண்டு, இதயம் என வேறு உறுப்பிலும் குறை
• மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலம் தெரியாதது
• சி.எம்.வி., டாக்ஸோபிளாஸ்மா தொற்று
• குரோமோசோம் கோளாறு என்ற சந்தேகம்

கருவுக்கான எம்.ஆர்.ஐ., பனிக்குட நீர்ப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். நாள் ஓடுகிறது! 24 வாரம் கடந்தால், கருவின் கடுமையான குறைக்காகக் கலைப்பதற்குக்கூட மெடிக்கல் போர்டு அனுமதி வேண்டும்.

பிறந்த பிறகும் கவனம்! தலை வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, ஓயாத வாந்தி, வலிப்பு வந்தாலோ, கண் கீழ்நோக்கியே நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அதற்காக அழுது உடைந்துவிடாதீர்கள், அம்மா. வேறு குறையில்லாத லேசான வீக்கமென்றால் நூற்றில் தொண்ணூறுக்கும் மேலான குழந்தைகள் இயல்பாகவே வளர்கின்றன. ஆனால் உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை மறு ஸ்கேன்தான் சொல்லும். சொன்ன தேதியில் போய்விடுங்கள்!