வெட்டும், சுமக்கும், பரப்பும்: ஸ்கிரேப்பரின் கதை

நம் கடத்தூர் பக்கம் ஒரு மேட்டுக்காட்டைச் சமப்படுத்த வேண்டுமென்றால் மண்ணை வெட்டப் பொக்லைன், சுமக்க டிப்பர், பரப்ப டிராக்டர் என்று மூன்று வண்டிகள் வந்து நிற்கும். இந்த மூன்று வேலையையும் ஓடிக்கொண்டே செய்து முடிக்கும் இயந்திரம்தான் ஸ்கிரேப்பர். அணைக்கட்டு, விமானத் தளம், திறந்தவெளிச் சுரங்கம் போன்ற பெரும் பணிகளுக்கென வளர்ந்தது அது.

முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே தொங்கும் இரும்புத் தொட்டிதான் இதன் உயிர்நாடி. தொட்டியின் அடியில் அகலமான வெட்டுக்கத்தி. முன்னால் ஏறி இறங்கும் கதவு. பின்னால் நகரும் தள்ளுதகடு. வண்டி ஓடும்போதே தொட்டியைத் தாழ்த்தினால், தச்சரின் இழைப்புளி மரத்தைச் சீவுவதுபோலக் கத்தி தரையைச் சீவும். சீவிய மண் தொட்டிக்குள் ஏறும். நிறைந்ததும் கதவு மூடும், தொட்டி உயரும். கொட்டுமிடத்தில் கதவு திறக்க, தள்ளுதகடு மண்ணை முன்னோக்கித் தள்ளும். தரைக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு கனத்தில் மண் சீராகப் பரவும்.

கடினமான கட்டம் மண் ஏற்றுவதுதான். உள்ளே நுழையும் ஒவ்வொரு பிடி மண்ணும் ஏற்கெனவே ஏறிய மண்ணை நெட்டித் தள்ளியாக வேண்டும். தொட்டி நிறைய நிறைய இழுவிசை போதாமல் சக்கரம் வழுக்கும். அதனால்தான் பின்னாலிருந்து ஒரு புல்டோசர் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. பின்புறமும் ஓர் எஞ்சின் பொருத்திய வகை உண்டு. சங்கிலிப் படிகளால் மண்ணைத் தானே வாரி ஏற்றிக்கொள்ளும் வகையும் உண்டு.

இதன் முன்னோடி குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்த ஃபிரெஸ்னோ ஸ்கிரேப்பர். ஸ்காட்லாந்திலிருந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய கருவிகள் மண்ணைத் தரையோடு தேய்த்துத் தள்ளின. இவரோ அடிப்பாகத்தை வளைத்து, மண் அதற்குள்ளேயே புரண்டு சேரும்படி செய்தார், உராய்வு குறைந்தது. கைப்பிடியை உயர்த்தியும் தாழ்த்தியும் வெட்டும் ஆழத்தை மாற்றலாம். பனாமா கால்வாய்ப் பணியிலும் அது உழைத்தது. பிறகு ராபர்ட் லெட்டர்னோ 1923-இல் தானே ஓடும் ஸ்கிரேப்பரை உருவாக்கினார். 1930-களில் இரும்புச் சக்கரங்களின் இடத்தை ரப்பர் டயர்கள் பிடித்ததும் வேகம் கூடியது.

எந்த வண்டி லாபம் என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது. சுமார் 100 மீட்டருக்குள் என்றால் புல்டோசரே போதும். சில நூறு மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை ஸ்கிரேப்பர் சிக்கனம். அதற்கு மேல் டிப்பர்தான். பாறையும் பெருங்கல்லும் நிறைந்த தரை ஸ்கிரேப்பருக்கு ஆகாது.

ஆகவே சிறு மேட்டுக்காடுகளும் கல்லும் கரடும் நிறைந்த நம் ஊருக்குப் பெரிய ஸ்கிரேப்பர் தேவையில்லை. ஆனால் அதன் பாடம் தேவை: ஒரேயடியாகத் தோண்டாதீர்கள், மெல்லிய படலமாகச் சீவுங்கள். நிலத்தின் சத்தில் பெரும்பகுதி மேலே உள்ள அரையடி மண்ணில்தான் இருக்கிறது. மேட்டை ஆழமாக வெட்டினால் அந்த மண் பள்ளத்துக்குள் புதைந்துபோகும். மேட்டில் சரளைதான் மிஞ்சும். நிலம் சமப்படுத்த வேளாண்மைப் பொறியியல் துறையிடம் புல்டோசர் வாடகைக்குக் கிடைக்கிறது. எந்த வண்டியை அமர்த்தினாலும், முதலில் மேல்மண்ணைச் சீவி ஓரமாகக் குவிக்கச் சொல்லுங்கள். அடிமண்ணைச் சமன் செய்தபின் அதையே மீண்டும் மேலே பரப்புங்கள். கூடுதலாகச் சில மணி நேர வாடகை ஆகும். அடுத்த விளைச்சலுக்கு அந்த மண்தான் முதல்.