கையில் ஒட்டாத பசை

செருப்பு ரிப்பேர் செய்கிறவர் மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் தடவுவார். உடனே ஒட்டமாட்டார். அப்படியே வைத்துவிட்டு அடுத்த செருப்பை எடுப்பார், அல்லது டீ குடிக்கப் போவார். பத்து நிமிஷம் கழித்து வந்து விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார். விரலில் ஒட்டக்கூடாது, ஒட்டினால் இன்னும் காத்திருப்பார். ஒட்டவில்லை என்றால்தான் சோலையும் மேல்தோலையும் சேர்த்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டுவார். அதற்கப்புறம் பிரிக்கப் பார்த்தால் தோல் கிழியும், பசை விடாது.

கையில் ஒட்டாத பொருள், தன்னைப் போலவே இன்னொரு படலம் வந்து சேர்ந்ததும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பொருள்களுக்குப் பசை தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் கலவை போடும் கெமிஸ்டாகத்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பணி ஓய்வு பெற்ற பிறகும், தெருமுனையில் யாராவது செருப்பு ஒட்டினால் நின்று பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

ரப்பர் என்றதும் ஒட்டும் பொருள் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பச்சை ரப்பருக்குப் பிசுபிசுப்பு பிறவிக் குணம். 1823இல் கிளாஸ்கோவில் சார்லஸ் மாக்கின்டாஷ் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். வெயில் காலத்தில் அந்தக் கோட்டு பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகமும் சூடும் சேர்த்து அந்தப் பிசுபிசுப்பை ஒழித்தார். டயர் முதல் கையுறை வரை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ரப்பர்த் தொழில் எதை ஒழிக்கப் பாடுபட்டதோ, அதையே காப்பாற்றி வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. 1845இலேயே அமெரிக்காவில் ஷெகட், டே என்ற இருவர் ரப்பரோடு பைன் மரப் பிசினும் டர்பன்டைனும் கலந்து துணியில் பூசி, உடம்பில் ஒட்டும் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அதில் மிளகாய்ச் சாறும் இருந்ததாம். போட்டுக்கொண்டவர் பாவம்!

ரப்பரும் மரப் பிசினும். இன்று வரைக்கும் அடிப்படைச் சூத்திரம் இதுதான். ஏன் இரண்டும் வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரப்பரின் ஒரு மூலக்கூறு என்பது ஒரே சிறு அலகு பத்தாயிரம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்பக் கோத்த நீளமான சங்கிலி. ரப்பர்த் துண்டுக்குள் இவை தட்டில் பிழிந்த இடியாப்பம் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. இந்தச் சிக்கல்தான் ரப்பருக்கு உறுதி. அதுவே ஒட்டுவதற்குத் தடையும் கூட. எந்தப் பரப்பையும் உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு மிக மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். ஆகவே பசை அந்தப் பள்ளங்களுக்குள் ஓடி நிறைய வேண்டும். சிக்கிக்கிடக்கும் சங்கிலிகள் அவ்வளவு லேசில் ஓடாது. அதனால் இயற்கை ரப்பரை முதலில் இரண்டு உருளைகளுக்கு நடுவே போட்டு நசுக்கி, சங்கிலிகளை அறுத்துக் குட்டையாக்குகிறோம். 1820இல் லண்டனில் தாமஸ் ஹான்காக் இதற்கென்று ஒரு இயந்திரம் செய்தார். பிறர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அதற்கு ‘ஊறுகாய்’ என்ற பொருள்படும் பெயரை வைத்து வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். தொழில் ரகசியம் காப்பதில் எங்கள் முதலாளியும் அவருக்குச் சளைத்தவர் இல்லை. டிரம்களின் மேல் இருக்கும் லேபிளைக் கிழித்துவிட்டு எண் எழுதி வைப்பார்.

லேசாக அழுத்திய மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் குணத்தைத் தொழிலில் ‘டேக்’ என்பார்கள். அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் டால்கிஸ்ட் 1960களில் இதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டார். அழுத்திய ஒரு விநாடிக்குள் பொருளின் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால் டேக் உண்டு, மேலே போனால் கிடையாது. வேதியியல் என்னவாக இருந்தாலும் இந்தக் கோடு பெரிதாக மாறுவதில்லை. ஒட்டுவதற்கு முதல் தகுதி மென்மை என்பதை அவர் எண்ணில் சொல்லிவிட்டார்.

ஆனால் மென்மை மட்டும் போதுமென்றால் தேனே நல்ல பசையாகியிருக்கும். விரலில் ஒட்டும்; இழுத்தால் வந்துவிடும். மெதுவாக அழுத்தும்போது இளகவும், வெடுக்கென்று இழுக்கும்போது விறைக்கவும் தெரிந்த பொருள் வேண்டும். அங்கேதான் பிசின் வருகிறது.

ரோசினை நீங்கள் பார்த்திருக்கலாம். வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் கண்ணாடி போன்ற கட்டி. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துச் சீர் பைன் மரங்களிலிருந்து எடுக்கிறார்கள். தொட்டால் ஒட்டாது, தட்டினால் பொடியாகும். அதைத் தனியாகக் கொடுத்தால் ஒரு காகிதத்தைக்கூட ஒட்ட முடியாது. ரப்பரில் கரைத்தாலோ அதன் சின்னச் சின்ன மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்கிவிடுகின்றன. சிக்கல் தளர்கிறது, கலவை இளகுகிறது. அதே சமயம் பிசினுக்கே உரிய கண்ணாடித்தன்மை கலவையில் ஒளிந்திருக்கிறது. மெதுவாக அசைத்தால் தெரியாது. வேகமாக இழுத்தால் சங்கிலிகளுக்கு நகர நேரம் கிடைப்பதில்லை, மொத்தமும் விறைத்துக்கொள்கிறது.

எங்கள் மிக்ஸிங் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் பாய். ஆய்வகத்தில் பிசுக்குமை அளக்கக் கருவி உண்டு, இழுத்துப் பார்க்க மெஷின் உண்டு. பாய்க்கு எதுவும் வேண்டாம். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பசையைத் தொட்டு, நாலைந்து தரம் ஒட்டிப் பிரிப்பார். நூல் எவ்வளவு நீளம் வருகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பார்.

“நூலே வரலை தம்பி. ரெசின் ஏறிப்போச்சு.”

“கணக்குப்படிதான் பாய் போட்டேன்.”

“கணக்கு சரிதான். மூட்டை மாறியிருக்கும், போய்ப் பாருங்க.”

மூட்டை மாறித்தான் இருந்தது; வேறு ரகப் பிசின். ரப்பருக்குக் கிட்டத்தட்ட சம எடை வரை பிசின் கூடக்கூட டேக் ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று விழுந்துவிடும். அதற்குப் பிறகு கலவை அறை வெப்பத்திலேயே கண்ணாடியாகத் தொடங்கிவிடுகிறது. அந்த மலையின் உச்சி எங்கே என்பது பிசினின் ரகத்துக்கு ரகம் மாறும். பாய் விரலால் கண்டுபிடித்தது அதைத்தான்.

பசை பிரியும்போது வரும் நூல் வெறும் வேடிக்கை இல்லை. இரண்டு பரப்புகளுக்கு இடையே உள்ள மூலக்கூறு ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டால், ஒரு டேப்பை உரிக்கத் தேவைப்படும் ஆற்றல் அற்பம். உண்மையில் அதைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் செலவாகிறது. அந்த மிச்ச ஆற்றல் எல்லாம் பசை நூலாக நீண்டு, உள்ளே சங்கிலிகள் உராய்ந்து, சூடாகிப் போவதில் தீர்ந்துவிடுகிறது. ஒட்டுவது ஈர்ப்பினால், பிடித்து நிற்பது இந்த இழுபறியினால்.

பிளாஸ்திரி, டேப் போன்றவற்றின் கதை இவ்வளவுதான். சோல் ஒட்டும் மஞ்சள் பசை வேறு சாதி. அதில் இருப்பது பாலிகுளோரோபிரீன், வணிகப் பெயரில் நியோபிரீன். 1930இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்கூடத்தில் அர்னால்ட் காலின்ஸ் கையில் முதலில் கிடைத்த செயற்கை ரப்பர். இதன் சங்கிலிகள் ஒழுங்கானவை. பசையைக் கரைத்து வைத்திருந்த சால்வெண்ட் பறந்த பிறகு அவை வரிசையில் படிந்து மெல்ல மெல்லப் படிகமாகும். பசை காய்ந்ததும் கையில் ஒட்டாததற்குக் காரணம் அந்த விறைப்பு. படிகமாவதற்குள் கொஞ்ச நேரம் சங்கிலி நுனிகள் அசைந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு படலங்களை அழுத்தினால், இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் புகுந்துவிடும். சோவியத் விஞ்ஞானி வோயுட்ஸ்கி இந்த ஊடுருவலைத்தான் ரப்பர் தன்னோடு தானே ஒட்டுவதற்கு விளக்கமாகச் சொன்னார். விரலின் தோலில் புகுந்து கலக்க அதற்கு வழியில்லை. பிறகு இரண்டும் சேர்ந்தே படிகமாகும்போது நடுவில் கோடு என்று ஒன்று இருக்காது.

டீ குடிக்கப் போனவர் அரட்டையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால்? படிகம் முற்றிவிடும், ஒட்டாது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ ஃபாக்டரிகளில் இதைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை. காய்ந்த சோலை ஹீட்டருக்குள் தள்ளி, படலத்தை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் படிகம் உருகி மறுபடி உயிர் வரும். உடனே பிரஸ்ஸில் வைத்துச் சில விநாடி அழுத்தினால் போதும். அழுத்தும் நேரத்தைவிட அழுத்தும் பலம்தான் முக்கியம். சுத்தியல் தட்டுக்கு உள்ள மரியாதை அதுதான்.

படிகம் சூட்டில் உருகும் என்றால், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்தால் செருப்பு கழன்றுவிடாதா? கழன்றிருக்கும். அதைத் தடுப்பது ஃபீனாலிக் ரெசினும் மெக்னீசியம் ஆக்ஸைடும். இரண்டையும் முன்கூட்டியே டொலுயீன் என்ற சால்வெண்டில் போட்டுக் கலக்கினால், அவை சேர்ந்து உருகவே உருகாத ஒரு சேர்மமாகின்றன. தனி ரெசின் 100 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். இது 200ஐத் தாண்டியும் அசையாது. இதில் ஒரு வினோதம்: அந்த வினைக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். ஒரு டிரம் எண்ணெய் போன்ற திரவத்தில் சொம்புத் தண்ணீரை நான் ஊற்றுவதைப் பார்த்துப் புதிதாக வந்த பையன்கள் பதறுவார்கள். தண்ணீர் இல்லாமல் வினை நகராது. மெக்னீசியம் ஆக்ஸைடுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நியோபிரீன் வருஷக்கணக்கில் துளித்துளியாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அதை இது உறிஞ்சாவிட்டால் துணியும் தையல் நூலும் இற்றுப்போகும், டப்பா துருப்பிடிக்கும்.

சால்வெண்ட் விஷயத்தில் இதைவிட வேடிக்கை உண்டு. ஹெக்ஸேனில் நியோபிரீன் கரையாது. அசிட்டோனிலும் கரையாது. இரண்டையும் கலந்து ஊற்றுங்கள், கரைந்துவிடும். ஒன்று ரப்பருக்குத் தேவையானதைவிடக் குறைந்த முனைவுத்தன்மை கொண்டது, மற்றது அதிகம். கலவை நடுவில் வந்து நிற்கிறது. எந்தக் கலவை எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்பதைப் பொறுத்துத்தான் காத்திருக்கும் நேரம் அமையும்.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருஷந்தோறும் ஃபோன் வரும்: “சார், உங்க பேட்ச் சரியில்ல, ஒட்டவே மாட்டேங்குது.” போய்ப் பார்த்தால் படலத்தின் மேல் வெள்ளை மூட்டம். சால்வெண்ட் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்றின் நீராவி அதன்மேல் பனியாகப் படிகிறது. நீர்ப்படலத்தைத் தாண்டிச் சங்கிலி புக முடியாது. மழைக்காலத்துக்கென்று டொலுயீனைக் கூட்டி, மெதுவாகக் காயும் கலவை அனுப்பியபின் ஃபோன் குறைந்தது.

இதைவிடத் தொல்லை கொடுத்தது பிவிசி சோல். ஒட்டும்போது பிரமாதமாகப் பிடிக்கும். கடைக்குப் போய் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பசை பாகாக இளகி, சோல் கையோடு வரும். பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் மெதுவாகப் பசைக்குள் ஊறி அதையும் இளக்கிவிடுகிறது. நியோபிரீனில் இதற்கு மருந்து இல்லை. பாலியூரித்தேன் பசைக்கு மாறுவதுதான் வழி. அந்த எண்ணெய்க்கு அது மசிவதில்லை. ஷூ ஃபாக்டரிகளில் இன்று அதற்குத்தான் பெரிய இடம்.

இந்தத் தொழிலின் இருட்டுப் பக்கத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் உலகெங்கும் ரப்பர்ப் பசையை பென்சீனில் கரைத்தார்கள். இஸ்தான்புல்லில் காற்றோட்டமில்லாத அறைகளில் செருப்பு செய்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வருவதை மருத்துவர் முசாஃபர் அக்சோய் கவனித்து, 1974இல் வெளியிட்டார். பென்சீனுக்குப் பதிலாக வந்த ஹெக்ஸேன் கைகால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்வது ஜப்பானிலும் இத்தாலியிலும் காலணித் தொழிலாளர்களிடம்தான் தெரியவந்தது. தண்ணீரில் கலந்த நியோபிரீன் பசை இருக்கிறது. வாசனை இல்லை, தீப்பிடிக்காது. ஆனால் காய வைக்கச் சூட்டுச் சுரங்கம் வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஒட்டும் பெண்களுக்கு அதை யார் வாங்கித் தருவார்கள்? கம்பெனி நோட்டீஸில் ‘காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்’ என்று அச்சடித்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

நீங்களே வீட்டில் செருப்பு ஒட்டுவதானால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் நன்றாகச் சொரசொரப்பாகத் தேயுங்கள். பழைய பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் போக வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு தரம் தடவுங்கள். தடிமனாகத் தடவினால் மேலே காய்ந்து, உள்ளே சால்வெண்ட் அடைபட்டுக் கிடக்கும். பழைய டப்பாவின் அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்திருந்தால் குச்சியால் நன்றாகக் கலக்குங்கள், சேர்ந்துவிட்டால் பயன்படுத்தலாம். கெட்டித் தயிராக உறைந்திருந்தால் தின்னர் ஊற்றிப் போராட வேண்டாம். அது இனி கரையாது, புது டப்பா வாங்கிவிடுங்கள்.