ஈ, தா, கொடு: சொல்லும் சூழலும்

சொல்லின் பொருளை அகராதி கூறும். அச்சொல் ஓரிடத்தில் மதிப்பாகுமா, இழிவாகுமா என்பதை அது கூறாது. அதனை முடிவு செய்வது, சொல்வோன், கேட்போன், அவ்விருவர்க்கும் இடைப்பட்ட உறவு ஆகிய மூன்றுமே. தொல்காப்பியர் இதனை விளங்க உணர்ந்திருந்தார் என்பதை ஈண்டுக் காண்போம்.

ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றை இரக்குங்கால் வரும் சொற்கள். இவற்றுள் ஈ என்பது இழிந்தோன் கூற்று. தா என்பது ஒப்போன் கூற்று. கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என எச்சவியல் வரையறுக்கும். வேண்டும் பொருள் ஒன்றாயினும், இரப்போன் நிலை வேறுபடச் சொல்லும் வேறுபடுகிறது.

இவ்வரையறைக்கு அடிப்படை யாது? தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகட்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்பது கிளவியாக்க விதி. எனவே ‘எனக்குத் தா’ என்பதே நேரிய வழக்கு. உயர்ந்தோன் தனக்கு வேண்டியதைக் ‘கொடு’ என்று கேட்பது, தன்னையே பிறன் ஒருவன்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் அமையும் என்பர் ஆசிரியர். உயர்வு என்பது ஈண்டு இடச்சேய்மையாக வெளிப்படுகிறது. இரப்போன் தன் இடத்தினின்றும் விலகி நிற்கிறான். அவ்விலக்கமே அவனது பெருமிதம். இலக்கண வழு எனத் தோன்றுவது, சமுதாய உறவின் வெளிப்பாடாக நிற்றலைக் காண்க.

ஒருவரைப் பன்மையாற் கூறுதலையும் இலக்கண நெறியன்று, வழக்கினால் ஆகிய உயர்சொல் என்றே கிளவியாக்கம் கொள்ளும்.

இன்றைய பேச்சில் அம்மூன்று சொற்களின் வேறுபாடு மறைந்துவிட்டது. அதன் பணி மறையவில்லை. சொல்லின் பகுதி சுமந்ததை இன்று விகுதியும் வினாவும் சுமக்கின்றன. நண்பனிடம் ‘தா’ என்போம்; மூத்தோரிடம் ‘தாருங்கள்’ என்போம்; அறிமுகமில்லாரிடம் ‘கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?’ என்போம். இறுதித் தொடரில் தருவோரும் இல்லை, ஏவலும் இல்லை; பணிவு மட்டுமே உண்டு.

ஆயினும் மதிப்பு விகுதியிலேயே நிலைபெற்றுள்ளது என்று கொள்ளுதல் பொருந்தாது. நள்ளிரவில் வீடு திரும்பும் மகனை, ‘ஐயா இப்பொழுதுதான் எழுந்தருளினீர்களோ?’ என்று தாய் வினவின், அப்பன்மை சினத்தையே காட்டும். மகளை ‘வாடா கண்ணா’ என்று அழைப்பின், அவ் ஆண்பால் விளி அன்பையே காட்டும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்குதல் இயல்பே என நன்னூலார் அமைத்தது இதுபற்றியே.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவர் பணிவுமொழி பற்றி 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக்கிய ஆய்வுக்குக் கோவை மாவட்டச் சிற்றூர்த் தமிழும் சான்றாயிற்று. அவர்கள் பேச்சிலிருந்து திரட்டிய தமிழ்ச் செய்திகளோடு நம் சொல்லிலக்கணங்களை ஒப்பிட்டு ஆராய்தல் பயன் தரும்.

வகுப்பறையில் இவ்விதிகளை வழுவமைதி என்னும் தலைப்பின்கீழ் விரைந்து கடந்து செல்கிறோம். ‘தண்ணீர் கொடு’ என்று முதியவரிடம் கேட்கும் பிறமொழி மாணவன் இலக்கணத்தில் தவறவில்லை. ஆயினும் கேட்டவர் உள்ளம் புண்படும். அவனுக்கு நாம் கற்பியாது விட்டது விதிவிலக்கு அன்று. மொழியின் வழக்கையே ஆகும்.